கொஞ்சமும் கொஞ்சந்தானும்

அஸர் தொழுது முடித்துவிட்டு அடுப்படியில் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் தரத்தில் படிக்கும் மகள் ஆங்கிலப் பயிற்சித் தாளைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"உம்மா, 'லிட்டில்' என்டாலும் கொஞ்சம், 'எ லிட்டில்' என்டாலும் கொஞ்சம். பிறகு ஏன் டீச்சர் பிழை போட்டிருக்காங்க?"

நானும் பள்ளிக்கூடம் போனவள்தான். விதி ஞாபகம் இருந்தது. அதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் உம்மம்மா அரிசி வாளியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னா: "மகள், அரிசி கொஞ்சந்தான் கிடக்கு. நாளைக்கு வாங்கணும்."

சற்று நேரத்தில் அடுத்த வீட்டுப் பொடியன் கோப்பையோடு சீனி கேட்டு வந்தான். உம்மம்மா போத்தலை அசைத்துப் பார்த்தா. "கொஞ்சம் கிடக்கு மகன், கொண்டு போங்க."

எனக்குப் பொறி தட்டியது. மகளைக் கூப்பிட்டேன். "கேட்டீங்களா? உம்மம்மா முதலில் சொன்னது 'லிட்டில்'. பிறகு சொன்னது 'எ லிட்டில்'." பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரெழுத்துப் பள்ளிக்கூடம் போகாத உம்மம்மாவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை.

சகோதரிகளே, குறைவையும் பற்றாமையையும் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. பிள்ளைகள் அவற்றில் தடுமாறிப் புள்ளிகளை இழக்கிறார்கள். பெரியவர்கள் தடுமாறினால் இழப்பது புள்ளியை மட்டுமல்ல. அப்படித் தடுமாறிய ஒரு குடும்பத்தைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன். முதலில் பிள்ளையின் பாடத்தை முடித்துவிடுவோம்.

ஓரெழுத்தின் வேலை

'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது, காரியம் நடக்கும். முன்னால் உள்ள 'எ' இல்லாமல் 'லிட்டில்' என்று மட்டும் சொன்னால், இருப்பது காரியத்துக்குக் காணாது என்று பொருள். பானையில் இருப்பது இரண்டு தடவையும் ஒரே அளவாக இருக்கலாம். பார்ப்பவரின் மனம்தான் வேறு. அந்த 'எ' செய்கிற வேலையை நம் பேச்சில் 'தான்' என்ற சொல் மறுபக்கமிருந்து செய்கிறது. ஆங்கிலத்தில் ஓரெழுத்து குறைந்தால் கவலை. தமிழில் ஒரு 'தான்' கூடினால் கவலை.

'ஃபியூ', 'எ ஃபியூ' என்பவையும் இப்படித்தான். ஆனால் இவை எண்ணக்கூடிய பொருள்களுக்கு. சீனி, தண்ணீர், நேரம், காசு என்பவற்றை ஒன்று இரண்டென்று எண்ணுவதில்லை, அவற்றுக்கு 'லிட்டில்'. மீன், நண்டு, முட்டை, ஆட்கள் என்றால் 'ஃபியூ'. களப்பில் வலை வீசியவர் வீட்டுக்கு வந்து 'எ ஃபியூ' கொடுவா கிடைத்தது என்றால் அன்றைக்குக் கறி உண்டு. 'ஃபியூ' என்று மட்டும் சொன்னால் மனிசி பருப்பை எடுத்து ஊறப் போடலாம்.

காசு எண்ணக்கூடியதுதானே என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ரூபாயை எண்ணலாம், 'மணி' என்ற ஆங்கிலச் சொல்லை எண்ணுவதில்லை. ஆகவே 'லிட்டில் மணி', ஆனால் 'ஃபியூ ருபீஸ்'.

பரீட்சையில் பிள்ளைகளைக் கவிழ்க்கும் இன்னொரு சொல் 'ஹார்ட்லி'. 'ஹார்ட்' என்றால் கடினமாக என்று படித்த பிள்ளை, 'ஹார்ட்லி'யும் அதுவே என்று நினைத்துவிடும். 'ஹி வேர்க்ஸ் ஹார்ட்' என்றால் அவர் பாடுபட்டு உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வேர்க்ஸ்' என்றால் அவர் வேலை செய்வதே அருமை! 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' என்ற சொற்களுக்குள்ளேயே 'இல்லை' என்பது ஒளிந்திருக்கிறது. அதனால் அவற்றோடு இன்னொரு 'நொட்' சேர்க்கக்கூடாது. 'பெயார்லி' அவற்றின் தங்கச்சி. 'பெயார்லி இனஃப்' என்றால் மட்டுமட்டாகக் காணும். ஆறு பேருக்கு ஆக்கிய சோறு ஆறு பேருக்கும் வந்து, சட்டியில் அடிப்பிடித்தது கூட மிஞ்சாவிட்டால் அதுதான் 'பெயார்லி இனஃப்'.

தட்டுப்பாடு வேறு, விலையேற்றம் வேறு

'ஷோர்ட்' என்ற சொல்லை நாம் ஏற்கெனவே சொந்தமாக்கிக்கொண்டோம். "காசு ஷோர்ட்", "ஸ்டொக் ஷோர்ட்" என்று கடைக்காரர் முதல் குமர்ப்பிள்ளை வரை சொல்கிறார்கள். அதிலிருந்து வருவது 'ஷோர்ட்டேஜ்', அதாவது தட்டுப்பாடு. தேவை இவ்வளவு, வந்தது அதைவிடக் குறைவு என்ற இடைவெளியைக் குறிக்கும் சொல் அது. 'ஸ்கேர்ஸ்' என்பது அருந்தலாகக் கிடைப்பது. தேடி அலைந்தால் எங்கோ ஓரிடத்தில் இருக்கும்.

நம் மூத்தவர்கள் இந்தச் சொற்களைப் புத்தகத்தில் படிக்கவில்லை, வாழ்ந்து படித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. இலங்கைக்கு அரிசி வந்துகொண்டிருந்த பெரிய வாசல் அடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மீஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. 'கூப்பன்' என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அது சந்தேகமில்லாத 'ஷோர்ட்டேஜ்'. நாட்டுக்கே அரிசி குறைந்துபோனது.

1953 இல் நடந்தது வேறு. கடையில் அரிசி இருந்தது. ஆனால் அரசாங்கம் மானியத்தைக் குறைத்ததால், ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இதற்குப் பொருத்தமான ஒரு பழைய ஆங்கிலச் சொல் உண்டு: 'டேர்த்'. 'டியர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கடிதத்தில் 'அன்புள்ள' என்று எழுதுகிறோமே, அதே 'டியர்'தான். அதற்கு அன்புக்குரியது என்றும் பொருள், விலை கூடியது என்றும் பொருள். விலை கூடியதால் வந்த தட்டுப்பாட்டுக்கு 'டேர்த்' என்று பெயர் வைத்தார்கள். நம் தமிழிலும் பாருங்கள். கிடைக்க அரிதானது அருமை. நெஞ்சுக்கு நெருக்கமான பிள்ளையும் அருமைப் பிள்ளை. கடல் கடந்த இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன.

1970களின் நடுப்பகுதி உம்மாமாருக்கு மறக்காது. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறிய காலம் அது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. பாணுக்கு விடியுமுன்னே கியூ நின்றது. மரவள்ளிக்கிழங்கு பல வீடுகளின் பகல் சாப்பாடாயிற்று. 1979 இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது.

பிறகு 2022. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அந்த ஆண்டு ஏப்ரல் 12 இல் அறிவித்தது. உண்மையில் குறைந்தது டொலர். டொலர் இல்லாததால் எரிவாயுவும், பால்மாவும், மண்ணெண்ணெயும் குறைந்தன. மண்ணெண்ணெய் இல்லாததால் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. படகு கிடந்ததால் மீனும் குறைந்தது. ஒரு 'ஷோர்ட்டேஜ்' இன்னொன்றைப் பெற்றுப் போட்டது. அடுப்பங்கரையில் விறகு ஊதிய நமக்கு இதற்கு அகராதி தேவையில்லை.

இக்கரையும் அக்கரையும்

நம் மாவட்டத்தைக் களப்பு இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சாயும் பக்கம் படுவான்கரை. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்கள் கடலுக்கும் களப்புக்கும் நடுவே எழுவான்கரையில் இருக்கின்றன. பரந்த வயல்கள் படுவான்கரையில். யுத்த காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது, சோதனைச் சாவடிகளைத் தாண்டி உரமும் எரிபொருளும் பற்றரியும் கொண்டுபோகத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. இக்கரைக் கடையில் தொங்கிய பொருள் அக்கரையில் கண்ணுக்கும் கிடைக்கவில்லை. அதேபோல், அக்கரை வயலுக்குப் போகப் பயந்து தங்கள் நெற்காணியை இழந்து நின்ற முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. நெல் விளையும் பூமிக்குப் பக்கத்திலேயே அவர்கள் அரிசியைக் கடைக்கு வாங்கினார்கள். நடுவே இருந்தது ஒரு களப்புத் தண்ணீர்தான்.

பொருள் இல்லாமை வேறு, பொருள் நம் கைக்கு எட்டாமை வேறு. இதை உலகுக்கு விளக்கியவர் வங்காளத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். 1943 இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். 'ஃபெமின்' என்றால் நாட்டில் உணவு அற்றுப்போவது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1981 இல் வெளியான நூலில் சென் வேறு விதமாகச் சொன்னார். அந்த ஆண்டு உணவு அவ்வளவுக்குக் குறைந்துவிடவில்லை; விலை ஏறியது; கூலியாட்களும் மீனவர்களும் கைத்தொழிலாளரும் வாங்க வழியற்றுப் போனார்கள் என்று கணக்குகளோடு காட்டினார். 1998 இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஊரில் அரிசி உண்டு, என் வீட்டில் இல்லை என்று சொல்லும் ஏழைப் பெண் அந்த நூலின் சாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறாள்.

நம் மார்க்கமும் இல்லாமையை ஒரே சொல்லில் அடக்கிவிடவில்லை. ஸகாத் பெறத் தகுதியானவர்களை எண்ணும் தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் ஃபகீர்களையும் மிஸ்கீன்களையும் தனித்தனியாகவே சொல்கிறது. ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர்கள் இதற்கு எளிய கணக்குச் சொல்வார்கள். பத்துத் தேவைப்படும் இடத்தில் இரண்டோ மூன்றோ மட்டும் உள்ளவர் ஃபகீர்; ஏழோ எட்டோ உள்ளவர் மிஸ்கீன். ஏழு இருப்பவர் பார்வைக்கு நல்லாகத்தான் இருப்பார். சட்டை வெளுத்திருக்கும், கதவு பூட்டியிருக்கும். மாதக் கடைசியில் மூன்று காணாது. அவரையும் கணக்கில் எடு என்பதற்காகத்தான் அங்கே இரண்டாவது சொல் நிற்கிறது.

ஒரு சொல்லால் வந்த வினை

இனி, தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தின் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் ஒழுங்கையில் ஓர் இளம் பெண், முதற் கர்ப்பம். இரத்தம் சோதித்த காகிதம் ஆங்கிலத்தில் வந்தது. அதில் 'அயன் டிஃபிஷன்ஸி' என்று எழுதியிருந்தது. கொஞ்சம் படித்த மச்சி அகராதியைப் புரட்டினாள். 'டிஃபிஷன்ஸி' என்றால் குறைபாடு என்று இருந்தது. "குறைபாடாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதோ குறைபாடு என்று. யாரிடமும் கேட்கவில்லை. காகிதத்தை அலுமாரிச் சீலைகளுக்கு அடியில் ஒளித்தாள். அடுத்த கிளினிக்குக்கும் போகவில்லை. இரவில் அழுகை, பகலில் சாப்பாடு இறங்கவில்லை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு இன்னும் வாடியது. மூன்று கிழமைக்குப் பிறகு அவளுடைய உம்மா காகிதத்தைக் கண்டெடுத்து, அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தா.

'டிஃபிஷன்ஸி' என்றால் உடம்புக்குத் தேவையான ஒரு சத்து போதியளவு இல்லை என்பது. அவளுக்குக் குறைந்தது இரும்புச்சத்து. அங்கக் குறை, பொருளில் உள்ள பழுது என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் 'டிஃபெக்ட்' என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டும் இலத்தீன் மொழியில் ஒரே வேரில் முளைத்தவை. ஆனால் இன்று வேறு வேறு காரியம் பார்க்கின்றன. தமிழில் 'குறைபாடு' இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் வந்த வினை இது.

குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி அனுப்பினோம். மறுநாளே வந்தா. திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினா. கர்ப்ப காலத்தில் தாய்க்கு இரும்புச்சத்து வழமையைவிட அதிகம் வேண்டும். அது குறைந்தால் களைப்பும் மூச்சு வாங்குதலும் வரும். கவனிக்காமல் விட்டால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம், பிரசவத்தில் இரத்தம் போனால் தாய் தாங்கமாட்டாள். ஆனால் மருத்துவர் தரும் குளிசையாலும் சாப்பாட்டாலும் சீராக்கக்கூடியது. மீன், ஈரல், பயறு, கீரை சாப்பிடச் சொன்னா. சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கும் நம் பழக்கம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு தேசிக்காயோ தோடம்பழமோ சேர்ந்தால் நல்லது. குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமாகப் பிறந்தது. இன்று அதே ஒழுங்கையில் சைக்கிள் ஓடுகிறது. ஆனால் அந்த மூன்று கிழமையின் கண்ணீர் தேவையில்லாதது.

ஒன்றை மனதில் வையுங்கள். 'டிஃபிஷன்ஸி' என்பது பசியைப் பற்றிய சொல் அல்ல. வயிறு நிறையச் சோறு தின்றவருக்கும் வரும். சோறு காணும், சத்துக் காணாது. ஆகவே காகிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் பயப்படவும் வேண்டாம், மடித்து வைக்கவும் வேண்டாம். "எதன் டிஃபிஷன்ஸி?" என்று கேளுங்கள். அதற்கு முன்னால் நிற்கும் சொல்லில்தான் விசயம் இருக்கிறது. அயன் என்றால் இரும்பு. அயடீன் என்றால் கழலை வராமல் காக்கும் உப்புச்சத்து. மருந்தை மட்டும் நாமே தீர்மானிக்கக்கூடாது.

'இன்சஃபிஷன்ட்' என்பது காகிதங்களில் நாம் அடிக்கடி காணும் இன்னொரு சொல். 'போதியளவு இல்லை' என்று பொருள். வங்கியில் திரும்பிவந்த காசோலையில் 'இன்சஃபிஷன்ட் ஃபண்ட்ஸ்' என்றிருந்தால், கணக்கில் அந்தத் தொகைக்குக் காசு காணாது. விண்ணப்பம் திரும்பிவந்து 'இன்சஃபிஷன்ட் டொக்கியுமென்ட்ஸ்' என்றிருந்தால், பத்திரங்கள் காணாது, அவ்வளவுதான். நிராகரித்துவிட்டார்கள் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்தப் பத்திரம் குறைகிறது என்று கேட்டு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கணவர் வெளிநாட்டில், வீட்டுக் காரியம் முழுவதும் தன் தலையில் என்று இருக்கும் சகோதரிகளுக்கு இந்த ஒரு சொல் தெரிந்தால் எத்தனையோ அலைச்சல் மிச்சம்.

பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு

இந்தச் சொற்களை மனனம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம். அடுப்படியிலேயே படிப்பிக்கலாம். உப்புப் போத்தலைக் காட்டி, "லிட்டிலா, எ லிட்டிலா?" என்று கேளுங்கள். முட்டைக் கூடையைக் காட்டி, "ஃபியூவா, எ ஃபியூவா?" என்று கேளுங்கள். "இன்றைக்கு விருந்தாளி வந்தால் சோறு இனஃபா, பெயார்லி இனஃபா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது வீட்டு நிலைமையும் பிள்ளைக்கு விளங்கும். அது இரண்டாவது இலாபம்.

'இனஃப்' என்பதற்கு நம் பக்கத்தில் 'காணும்' என்போம். 'காண்' என்றால் பார்ப்பது. கண்ணுக்கு நிறைந்தால் காணும், நிறையாவிட்டால் காணாது. ஒருவருக்குக் காணாதது இன்னொருவருக்குக் காணும். அதற்காக, உண்மையில் இல்லாதவரைப் பார்த்து, "காணும் என்று நினைத்துக்கொள்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தன் பானையைப் பார்த்து அவரவர் சொல்லவேண்டிய சொல் அது. அடுத்த வீட்டுப் பானையைப் பற்றி நமக்குள்ளது ஒரே கேள்விதான்: "காணுமா?"

அன்றிரவு மகள் தாளைத் திருத்தி எழுதி முடித்தாள். இஷாவுக்குப் பிறகு சோறு போடும் நேரம், வாசலில் சலாம் சத்தம் கேட்டது. ஏறாவூரிலிருந்து சாச்சா வந்திருந்தார். நான் சட்டியைத் திறந்து பார்த்தேன். உம்மம்மா என் முகத்தைப் பார்த்தா. நான் வாய் திறக்கு முன் மகள் முந்திக்கொண்டாள்.

"எ லிட்டில், உம்மம்மா! கொஞ்சம் கிடக்கு. சாச்சாவை வரச் சொல்லுங்க."